ஆறு போத்தல் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் தனியாகச் சைக்கிளில் வன்னியைக் கடந்து போகிறார். பூநகரிப் பக்கம் எடுத்தது என்று நினைக்கிறேன். பின்னால் வெறும் வெளி, தூரத்தில் இரண்டு பனை. 'யாருமற்ற வீதிகளில் ஒரு சாகசப் பயணம்' என்று கீழே போட்டிருந்தீர்கள். என் தையல் கடைக்கு வருகிற பிள்ளைகள் அவருடைய தொப்பியையும் இறுக்கமான காற்சட்டையையும் பார்த்துச் சிரித்தார்கள். நான் போத்தல்களை எண்ணினேன். நடுச் சட்டத்தில் மூன்று, முன் சில்லின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, பின் கரியரில் பெரிதாக ஒன்று. ஆறு. அந்த ஆறு போத்தலைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் மல்லாவியில் தையல் தைக்கிறேன். வயது 51. வருடத்தில் ஒரு முறை, வைகாசியில், கடையைப் பூட்டிவிட்டு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சைக்கிளில் போவேன். மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று நேரே போனால் விடிய வெளிக்கிட்டுப் பின்னேரத்துக்குள் போய்ச் சேரலாம். நான் சுற்றித்தான் போவது. மேற்கே வெள்ளாங்குளம், அங்கிருந்து மன்னார் வீதியில் வடக்கே முழங்காவில், பல்லவராயன்கட்டு, பூநகரி. பிறகு பரந்தன், தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு. திரும்பும்போது காட்டு வீதியால் மாங்குளம் வந்து வீடு. எல்லாம் சேர்த்து 200 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. நான்கு நாள். தனிய.

'தனியவோ?' இந்தக் கேள்வியை ஒவ்வொரு சந்தியிலும் கேட்பார்கள். தேத்தண்ணிக் கடை ஐயா கேட்பார், சோதனைச் சாவடி இருந்த காலத்தில் ஆமிக்காரன் கேட்டான், கோயிலடியில் பூ விற்கிற அம்மா கேட்பா. 'ஓம், தனியத்தான்' என்று சொன்னால் அடுத்த கேள்வி, 'வீட்டில ஒருத்தரும் இல்லையோ?' இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைக்கிள் பிடிக்காது.

கனடாவில் இருக்கிற மகள் முதலில் 'அம்மா, உங்களுக்கு விசரா?' என்று சண்டை பிடித்தாள். பிறகு அவளே எங்கேயோ வாசித்து எனக்கு ஒரு கதை சொன்னாள். டேர்வ்லா மேர்ஃபி என்று ஒரு அயர்லாந்துப் பெண். 1963ஆம் ஆண்டு, 31 வயதில், அயர்லாந்திலிருந்து டில்லி வரை தனியாகச் சைக்கிளில் வந்தவ. வெளிக்கிட முதல் சைக்கிளில் இருந்த மூன்று கியரையும் கழற்றிவிட்டாவாம், ஆசியாவின் கல்லு வீதிகளுக்கு அது தாங்காது என்று. அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய சந்தோசம். என்னுடையதும் கியர் இல்லாத லுமாலா சைக்கிள். முன்னுக்கு 44 பல்லு, பின்னுக்கு 18. பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஐந்தே கால் மீற்றர் போகும். அப்படிப் பார்த்தால் என் பயணத்துக்குக் கிட்டத்தட்ட 38 ஆயிரம் சுற்று. இறக்கத்தில் சும்மா விட்டால் குறையும் என்பீர்கள். வன்னியில் எங்கே இறக்கம்? மதகுக்கு மதகுதான்.

சரி, தண்ணிக்கு வருகிறேன்.

வைகாசியில் சோளகக் காற்று எழும்பிவிடும். மல்லாவியிலிருந்து வெள்ளாங்குளம் போகும் வரை அது நேர் முகத்தில் அடிக்கும். நடந்து போகிறவன் என்னை முந்திவிடுவான் போலிருக்கும். சோளகத்தில் ஒரு கள்ளத்தனம் உண்டு. வியர்வையை உடனே காயவைத்துவிடும். சட்டை நனையாது, அதனால் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணி போகிறது என்று தெரியாது. முதல் வருடம் அப்படித்தான் ஏமாந்தேன். பத்து மணிக்குத் தலை இடித்தது, பதினொரு மணிக்குக் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. இப்போது தாகம் எடுக்கிறதோ இல்லையோ, கால் மணிக்கு ஒரு முறை குடிப்பேன். ஒரு போத்தலில் தேசிக்காயும் உப்பும் கலந்து வைத்திருப்பேன். மல்லாவியிலிருந்து பூநகரி வரை 65 கிலோமீற்றர் அளவில் வரும். அதற்கு எனக்கு ஐந்து லீற்றர் வேண்டும். ஐந்து லீற்றர் என்றால் ஐந்து கிலோ. பின் கரியரில் உடுப்பு, பாய், பம், ஒட்டுச் சாமான், அதற்கு மேல் இந்த ஐந்து கிலோ. பாரம் முழுவதும் பின் சில்லுக் கம்பியில்தான் விழும். ஒரு கம்பி போனால் சில்லு நெளியும், நெளிந்தால் பிறேக் உரசும். அந்த வெளிநாட்டுக்காரர் முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கட்டியிருந்தது அதற்காகத்தான். கெட்டிக்காரர்.

ஏன் சுமக்க வேண்டும், வழியில் குடிக்கலாமே என்று கேட்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். பல்லவராயன்கட்டு தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பின் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது. உடைமரத்து முள். நேரம் பதினொன்றரை. இரண்டு பக்கமும் வெளி. ஆளுயரத்துக்கு ஒரு மரம் இல்லை. தூரத்தில் பற்றை தெரிந்தது. ஆனால் மீளக்குடியேறிய காலத்தில் மிதிவெடிப் பலகைகளுக்கு நடுவே தார் வீதியை விட்டு இறங்காமல் பழகிய கால் இது. இப்போது துப்புரவாக்கிவிட்டார்கள் என்று சொன்னாலும் அறியாத பற்றைக்குள் போக மனம் துணியாது. வன்னியில் 'கொஞ்சம் உள்ளே போய் நிழலில் இரு' என்று லேசாகச் சொல்ல முடியாது. நிழல் வீதிக் கரையில் இருக்க வேண்டும்.

கடைசியில் வீதிக்குக் கீழே ஒரு மதகு கிடைத்தது. தண்ணி வற்றிப்போன மதகு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுச் சில்லைக் கழற்றிக்கொண்டு அதற்குள் இறங்கினேன். உள்ளே ஏற்கெனவே நான்கு ஆடும் ஒரு உடும்பும் இருந்தன. உடும்பு மற்றப் பக்கத்தால் போய்விட்டது, ஆடுகள் அசையவில்லை. ரியூப்பில் ஓட்டை எங்கே என்று பார்க்க வேண்டுமென்றால் காற்றடித்துத் தண்ணிக்குள் அமிழ்த்திக் குமிழி வருகிற இடத்தைப் பிடிக்க வேண்டும். சைக்கிள் கடையில் அதற்கென்றே பழைய தாச்சி இருக்கும். என்னிடம் மிச்சம் இருந்தது அரைப் போத்தல். அதை ரியூப்புக்குக் கொடுக்க மனம் வரவில்லை. காற்றடித்து, ரியூப்பை உதட்டுக்குக் கிட்டப் பிடித்து, அங்குலம் அங்குலமாக உருட்டிப் பார்த்தேன். ஓட்டை சொண்டில் ஊதுவது தெரிந்தது. எச்சில் தொட்டு உறுதிப்படுத்தி, அரத்தாளால் உரஞ்சி, சொலூசன் பூசி, ஒட்டுப் போட்டு வெளியே வர ஒரு மணியாகிவிட்டது. ரயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளை எடுக்க மறந்திருந்தால் அந்த ஒட்டும் வீணாய்ப் போயிருக்கும். அதை மறக்கவில்லை. அப்பா பழக்கியது.

வீடுகளில் கேட்டால் தர மாட்டார்களா? தருவார்கள். எங்கள் சனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பூநகரிப் பக்கம் பல கிணறுகளில் உப்புச் சவர்த் தண்ணி. குடிக்கிற தண்ணி பவுசர் லொறியில் வருகிறது, வீட்டுக்கு அளந்துதான் வைத்திருக்கிறார்கள். அதில் போய் இரண்டு லீற்றர் கேட்க வாய் கூசும். வவுனியா வடக்குப் பக்கம் போனால் வேறு சிக்கல். சிறுநீரக நோய்க்குப் பயந்து கிணற்றுத் தண்ணியைக் குடிக்கிறதை விட்டுவிட்டார்கள். போன வருடம் திரும்புகிற வழியில் நெடுங்கேணியில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போனேன். அங்கே ஒரு வீட்டில் கப்பியும் வாளியுமாக நல்ல கட்டுக் கிணறு. போத்தலை நீட்டினேன். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னது, 'அன்ரி, கிணத்துத் தண்ணி வேண்டாம். மெசின் தண்ணி கானுக்குள்ள கிடக்கு, அதில ஊத்தித் தாறன்.' மெசினில் சுத்தமாக்கினது, காசு கொடுத்து வாங்கின தண்ணி. எனக்கு ஊற்றிய பிறகு கானின் அடியில் நாலு விரல்தான் மிஞ்சியது. அந்த நாலு விரலைப் பார்த்த பிறகு நான் எந்தப் படலையிலும் தட்டவில்லை.

என் அப்பா 1990களின் தொடக்கத்தில், வடக்குக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிளில் சாமான் கட்டியவர். மண்ணெண்ணெய், சீனி, சவர்க்காரம், என்ன கிடைக்குதோ அது. பின் கரியரில் குறுக்கே பலகை கட்டி, இரண்டு பக்கமும் கான் தொங்கவிட்டு, உழவு இயந்திரத் தடத்தில் காட்டுக்குள்ளால் வருவார். பற்றறியும் தடை என்பதால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. புது ரயர் கிடைக்காமல், வெடித்த ரயருக்குள் பழைய ரயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓடுவார். நான் ஊசி பிடிக்கப் பழகினது சட்டையில் இல்லை, அந்த ரயரில்தான். இரண்டு மூன்று தடவை நானும் கூடப் போயிருக்கிறேன். எனக்கு அப்போது 18 வயது.

அப்பா வழி சொல்வதே கிணற்றை வைத்துத்தான். 'பிள்ளையார் கிணறு மட்டும் போ, அங்க முகம் கழுவு. பிறகு புளியடிக் கிணறு. அதில குடிக்காத, குளி. குடிக்கிறது மடத்துக் கிணத்தில.' இப்படித்தான் பாதை அவர் தலைக்குள் இருந்தது. மடம் என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. நாலு தூண், ஒரு திண்ணை, பக்கத்தில் கிணறு, மாடு குடிக்க ஒரு தொட்டி. சில இடத்தில் சுமைதாங்கி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடையாக வைத்திருப்பார்கள், தோள் உயரத்துக்கு. தலையில் சுமை கொண்டு போகிறவர் இன்னொருவரைக் கூப்பிடாமல் தானே சுமையை அதில் சாய்த்து இறக்கலாம், பிறகு தானே ஏற்றலாம். தனியப் போகிற ஆளுக்காகவே செய்த பொருள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பேரில் அதைக் கட்டுவது எங்கள் வழக்கம், இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக. ஆவுரஞ்சிக் கல்லும் அப்படித்தான் வீதிக் கரையில் நிற்கும், மாடு முதுகு உரஞ்ச. மாட்டுக்குக் கூட யோசித்த சனம்.

பூநகரிக் கோட்டையைப் பாருங்கள். பறங்கியர், அதுதான் போர்த்துக்கேயர், கட்டி, ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஆங்கிலேயர் அதற்குள் ஒரு தங்குமடம் வைத்தார்கள். சண்டைக்குக் கட்டிய இடத்தில்கூடப் பயணிக்கு ஒரு கூரை வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

போருக்குப் பிறகு எங்கள் வீதிகளை நன்றாகப் போட்டார்கள். இதை மறைக்கக் கூடாது. காப்பெற் வீதியில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததிலிருந்து பூநகரி யாழ்ப்பாணத்துக்கு வாசற்படி ஆகிவிட்டது. ஆனால் வீதியை அகட்டும்போது கரையில் நின்ற புளியும் வேம்பும் பல இடங்களில் போய்விட்டன. மோட்டார் வண்டிக்கு மரம் தேவையில்லை, அது அரை மணியில் கடந்துவிடும். எனக்கு அந்த இடம் மூன்று மணி நேரம். பஸ் தரிப்பிடங்கள் கட்டினார்கள், நல்லது. மேலே தகரம், பின்னால் சீமெந்துச் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்குள் இருந்து பாருங்கள், அப்பம் சுடலாம். ஓரிடத்தில் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் தண்ணிக் குழாயும் வைத்திருக்கிறார்கள், திறந்து வைத்தவரின் பெயர் பொறித்த கல்லோடு. மூன்று வருடமாகத் திருகிப் பார்க்கிறேன். பெயர் மட்டும் அழியாமல் இருக்கிறது. எந்த இடம் என்று எழுதவில்லை, அந்த ஊர்ச் சனத்துக்குத் தெரியும்.

பெண்ணாகத் தனியப் போவதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒதுங்க இடமில்லை. ஆண்கள் மரத்தைத் தேடுவார்கள், மரம் இல்லாவிட்டாலும் சமாளிப்பார்கள். வழியில் ஒதுங்க வேண்டி வருமே என்று நானும் முன்பு தண்ணியைக் குறைத்துக் குடித்திருக்கிறேன். அந்தக் கெண்டைக்கால் முறுக்குக்குப் பாதிக் காரணம் அது. கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று நான் மனதில் குறித்து வைத்திருக்கிற இடங்கள் ஏழு. ஏழிலும் யாராவது திறப்போடு இருந்தால்தான்.

இரண்டாம் நாள் பூநகரியிலிருந்து பரந்தனுக்குப் போகும்போது சோளகம் முதுகில். அந்த 25 கிலோமீற்றரும் எனக்குப் பரிசு மாதிரி. வயல்வெளியில் கொக்குகளும் நானும்தான். விசுவமடுவில் இரவு தங்கி, அடுத்த நாள் புதுக்குடியிருப்பு தாண்டி, முள்ளிவாய்க்காலில் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பேன். 2009இல் என் முந்தைய சைக்கிளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தேன். எத்தனை ஆயிரம் சைக்கிள் அங்கே கிடந்தது என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். வட்டுவாகல் பாலம் கடந்த பிறகுதான் திரும்ப ஏறுவேன். அதைப் பற்றி இங்கே வேறொன்றும் எழுதப்போவதில்லை.

வற்றாப்பளைக்குக் கிட்ட வரும்போது நிலைமையே வேறு. உப்புத் தண்ணியில் விளக்கெரிகிற அம்மன் என்று நாடெல்லாம் இருந்து சனம் வரும். முள்ளியவளையிலிருந்து வழி நெடுகத் தாகசாந்திப் பந்தல். தென்னோலைப் பந்தலுக்குக் கீழே பெரிய கிடாரத்தில் சர்க்கரைத் தண்ணி, மோர், ஊறுகாய்த் தண்ணி. இளம் பொடியள் வீதிக்கு நடுவில் நின்று, கையைக் காட்டி மறித்து, சைக்கிளால் இறங்க விடாமலே பேணியை நீட்டுவார்கள். 'அம்மா, இன்னும் ஒண்டு குடிச்சிட்டுப் போங்கோ.' குடிக்காவிட்டால் கோபம் வரும். ஆறாவது பந்தலில் நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன், இனி வயிற்றில் இடமில்லை, விடுங்கோ என்று. இரண்டு நாள் இப்படி. பிறகு பந்தலைப் பிரித்துக் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள், அடுத்த வைகாசி மட்டும்.

என் விண்ணப்பம் இந்த இடத்தில்தான். அந்தப் பந்தல் போடுகிற விளையாட்டுக் கழகங்களும் மாதர் சங்கங்களும் அந்த ஒரு வீதியில் மட்டும் இல்லை. வெள்ளாங்குளத்திலும் முழங்காவிலிலும் விசுவமடுவிலும் ஒலுமடுவிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் ஊர் வீதிக் கரையில் ஒரு மண்குடமும் மூடியும் பேணியும் வருடம் முழுக்க வைத்தால் போதும். பக்கத்தில் இரண்டு வேம்பு, ஒரு நாவல், ஒரு இலுப்பை. வாகை வேண்டாம், காற்றுக்குக் கொப்பு முறிந்து விழும். கன்று நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போகிற வேலையும் வேண்டாம். வன்னியில் கன்று சாவது ஆடி, ஆவணியில்தான். அடியில் ஊசித் துளை போட்ட பழைய குடத்தைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து, துளையில் துணித் திரி செருகி, கிழமைக்கு ஒரு தடவை நிரப்பினால் இரண்டு கோடை தாண்டும். அதற்குப் பிறகு அது தன்பாட்டில் வளரும். பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தரிப்பிடம் கட்டும்போது தகரத்துக்குப் பதிலாக ஓடு போடுங்கள், பக்கத்தில் பூட்டில்லாத ஒரு கழிப்பறை வையுங்கள்.

முறிகண்டியை எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு அவசரமான சாரதியும் பிள்ளையாரடியில் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் போவார். மற்ற வீதிகளிலும் அப்படி ஒரு நிற்கிற இடம் இருந்தால் சைக்கிள்காரருக்கு மட்டுமா நல்லது? வெயிலில் நெல்லுக் காயப்போடுகிறவருக்கு, மாடு மேய்க்கிறவருக்கு, ஐஸ்கிறீம் வண்டிக்காரருக்கு, ஒரு மணி நேரம் பஸ்ஸுக்கு நிற்கிற கர்ப்பிணிக்கு.

திரும்புகிற வழி, ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், எனக்கு மிகப் பிடித்த பகுதி. காடு சோளகத்தை மறித்துக்கொள்ளும். பாலைப்பழக் காலம். வீதிக் கரையில் சிறுவர்கள் பேணியில் வைத்து விற்பார்கள். தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும், நிறையத் தின்றால் சூடு. அங்கே யானை உண்டு. சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் யானைக்கு நாம் வருவது தெரியாது, அதுதான் ஆபத்து. வளைவுகளில் மணி அடித்துக்கொண்டே போவேன். ஈரமான இலத்தி கிடந்தால் நின்று, ஒரு வாகனம் வரும்வரை பார்த்து, அதன் பின்னால் போவேன். விடிய ஆறுக்கு முன்னும் பின்னேரம் ஐந்துக்குப் பின்னும் அந்த வீதியில் ஏறுவதில்லை. உங்கள் படத்தைப் பார்த்து யாராவது பிள்ளைகள் வெளிக்கிட்டால் இதையாவது சொல்லிவையுங்கள்.

அப்புறம் அந்தத் தலைப்பு. 'யாருமற்ற வீதி' என்று இனி எழுத வேண்டாம். அந்தப் படத்தின் வலது மூலையில், வெளிக்குள், ஒரு பெண் சாணகம் பொறுக்கிக்கொண்டு நிற்கிறா. பெரிதாக்கிப் பாருங்கள்.

மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு நான் சும்மா இருக்கக் கூடாது என்று, இந்த மாதம் என் கடை வாசலில் வேம்புக்குக் கீழே ஒரு மண்குடம் வைத்திருக்கிறேன். நான் குடிக்கிற தண்ணிதான் அதற்குள்ளும். முதல் நாள் வந்து குடித்தவர் லொத்தர் விற்கிற தம்பி. முதல் கிழமைக்குள் இரண்டு பேணி களவு போய்விட்டது. மூன்றாவதைப் பழைய சைக்கிள் சங்கிலியால் மரத்தோடு கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருத்தி,
மல்லாவி.